தலையை மட்டும் உள்ளே நீட்டவும்

கத்தோலிக்க மறைமாவட்ட ஆண்டேட்டின் ஒரே ஒரு பதிப்பில், கடைசிப் பக்கங்களில், மெழுகுவர்த்தி விளம்பரத்துக்கு மேலே அவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. “தனிமைத் துறவி. உலக ஆரவாரத்தை முற்றிலும் துறந்து, மனிதர் கண்ணில் படாமல், செபத்திலும் தவத்திலும் இடையறாத மௌனத்திலும் வாழ்பவர். இவரைத் தேடிச் செல்வதும் இவரோடு உரையாடுவதும் தகாது.” பக்கத்தில் புகைப்படம். துறவியின் சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பு எட்டிப் பார்க்கிறது. வலது ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரிகிறது. இடது ஓரத்தில் இன்னொருவரின் காது. அந்தக் காதைச் சுற்றி அப்போதுதான் முடித்த சுத்தமான வேலை. படம் எடுக்க வந்தவரும் முடி வெட்டிக்கொண்டுதான் திரும்பினார் என்று கேள்வி.

துறவியாவதற்கு முன் அவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, மற்றது அக்கா வீட்டுக்காரருடையது. ஊர் அவரைச் சலூன்காரர் என்றும், அவரைப் பின்பற்றி அக்கா வீட்டுக்காரரை அத்தான் என்றும் அழைத்தது. அத்தானைவிட மூத்தவர்களும் அத்தான் என்றே கூப்பிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முடி வெட்டும் தொழிலில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத பாரம் ஒன்று உண்டு. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் மனிதர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். கை இரண்டும் துணிக்குள் மாட்டிக்கொள்வதால் அசைக்க மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்பது காரணமாக இருக்கலாம். நிலத்தரகர் ஒரே வேலித் தகராறைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். நடுவில் கட்சி மாறிவிட்டதால் பாதிக்கு மேல் நல்லவன் கெட்டவனானான், கெட்டவன் நல்லவனானான், வேலி மட்டும் அங்கேயே இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் வயிற்றின் நிலவரத்தைக் கிழமை வாரியாக ஒப்பிப்பார். மருந்துக்கடைக்காரர் மருமகனைப் பற்றிச் சொல்வார். மருமகன் மறுவாரம் வந்து மருந்துக்கடைக்காரரைப் பற்றிச் சொல்வார். சலூன்காரர் இரண்டு பேருக்கும் ஒரே கத்திரியால் வெட்டி, ஒரே ‘ம்’ கொட்டுவார்.

வீட்டுக்குப் போனால் அக்கா. மூச்சை வெளியே விடும்போது எல்லோரும் பேசுவார்கள். அக்கா உள்ளே இழுக்கும்போதும் பேசுவார். தம்பிக்குக் கல்யாணம் செய்துவைக்க அவர் எடுத்த முயற்சிகள் ஊருக்கே தெரியும். ஒவ்வொரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் தம்பி ஒரே மாதிரிதான் சொன்னார்: “நல்லவங்கதான்க்கா. ஆனா ஏதாவது கேக்குறாங்க.”

ஊருக்கு வெளியே, குன்றின் மேல், ஒரு துறவு மடம் இருந்தது. அங்கிருந்தவர்கள் பேச மாட்டார்கள். அவசியமென்றால் கைஜாடை, மிகவும் அவசியமென்றால் ஒரு வார்த்தை. பழைய மடங்களில் துறவிகள் ஒருவர் தலையை ஒருவர் மழித்துவிட்டார்கள். மழிக்கும்போது ஊர்க்கதை கூடாது, திருப்பாடல்தான் சொல்ல வேண்டும் என்று சில இடங்களில் விதியே இருந்தது. விதி என்று ஒன்று வந்திருக்கிறது என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்த மடத்திலும் வேலை உள்ளுக்குள்ளேயேதான் நடந்துவந்தது. ஆனால் கத்திரி பிடித்த மூத்த துறவியான சகோதரருக்குக் கண் மங்கிப்போய், துறவிகள் சிலர் காதில் கட்டோடு காலைச் செபத்துக்கு வந்தார்கள். வலிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாதே. மடத்துத் தலைவரே பார்த்துப் புரிந்துகொண்டு வெளியிலிருந்து ஆள் வரவழைத்தார். அப்படித்தான் சலூன்காரர் மாதம் ஒருமுறை குன்றேறத் தொடங்கினார்.

முதல் தலையில் தண்ணீர் தடவினார். தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். தலை மெல்ல இடவலமாக ஆடியது. அவ்வளவுதான். ஒரு தலை போய் இன்னொரு தலை வந்தது. அவர்களுக்கு நிலம் இல்லை, மருமகன் இல்லை. வயிறு இருந்திருக்கும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கத்திரிக்குத் தனியாக ஒரு சத்தம் இருக்கிறது என்பதையே அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். வீடு திரும்பியவர் அக்கா பேசப் பேசச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அக்கா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்படியே சில வருடங்கள் போயின. மாதத்தில் ஒரு நாளுக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்வது என்பது காதலில் நடக்கும். சலூன்காரருக்கு மௌனத்தின் மேல் நடந்தது. ஐம்பதைத் தாண்டியதும் ஒரு நாள் துணிந்து, தன்னையும் மடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். மடத்துத் தலைவர் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மிகவும் அவசியம் என்று கருதி, நிறையவே பேசினார்.

“உங்களுக்கு வயசாயிடுச்சு, அது ஒண்ணு. அதைவிட, நீங்க நெனைக்கிற மாதிரி இல்லைங்க இது. பேசாத முப்பது பேரோட ஒரே கூரைக்குக் கீழ இருந்து பாத்திருக்கீங்களா? ஒருத்தர் சூப் குடிக்கிற சத்தம் போதும். கொலைவெறி வரும். அதை அடக்குறதுதான் இங்க தவமே.”

சலூன்காரர் முகம் வாடியதைப் பார்த்து அவர் வேறு வழி சொன்னார். ஊர்க் கோவிலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு சிறிய அறை இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ கட்டியது. இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அது பெஞ்சுக்காகக் கட்டியதல்ல, அறைத்துறவிக்காகக் கட்டியது என்றார் தலைவர்.

அறைத்துறவி என்பவர் துறவிகளிலேயே விசித்திரமானவர். முதலில் வந்த துறவிகள் ஊரைவிட்டுப் பாலைவனத்துக்கு ஓடினார்கள். ஊர் விடவில்லை, யாரைத் துறந்துவிட்டு வந்தார்களோ அவர்களெல்லாரும் வழிகேட்டுப் பின்னாலேயே வந்தார்கள். ஒருவர் கூட்டம் தாங்காமல் தூண் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். தூணின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இன்னும் பெரிய கூட்டம் வந்தது. அவர் தூணை உயர்த்தினார், கூட்டமும் வளர்ந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பிற்காலத்தில் சிலர், ஓடுவதில் பயனில்லை, ஊர் நடுவிலேயே ஓர் அறைக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினார்கள். அறைக்கு மூன்று ஜன்னல். கோவிலுக்குள் பார்க்க ஒன்று, சாப்பாடு வாங்க ஒன்று, தெருப்பக்கம் ஒன்று. தெருப்பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே தன் கதையைச் சொல்லும் என்பது அந்த அறைகளின் வரலாற்றில் எல்லாரும் எச்சரித்து எழுதிய விஷயம். மடத்துத் தலைவர் அந்தப் பகுதியைச் சொல்ல மறந்துவிட்டார். அன்றைக்கு அளவுக்கு மீறிப் பேசிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியிருக்கலாம்.

மறைமாவட்டத் தலைவரான ஆயர் ஒரு வருடச் சோதனைக்காலம் கொடுத்தார். கைவேலை செய்து பிழைக்க வேண்டும், ஆட்களைச் சந்திக்கக்கூடாது, பேசக்கூடாது. வருட முடிவில் ஆயரின் செயலர் வந்து பார்ப்பார். சரியென்றால் இறுதி வார்த்தைப்பாடு, அதாவது மாற்ற முடியாத துறவற உறுதிமொழி. சாகும்வரை அந்த அறை அவருக்கு. இல்லையென்றால் மறுபடியும் அக்கா வீடு, கடைத்தெரு, வேலித் தகராறு.

அறைக்குள் போகும் நாளில் அக்கா கேட்டார்: “உலகத்தை விட்டுப் போறேன்னு சொல்றியே, கடைக்குப் போறதைவிட இது பக்கம்டா.” உண்மைதான். உலகத்தைத் துறந்து அவர் போன தூரம் நான்கு தெரு. அறையின் ஒரு பக்கம் காய்கறிக் கடை, எதிரே பேருந்து நிறுத்தம். பழைய காலத்தில் அறைத்துறவி உள்ளே போகும்போது இறந்தவருக்குரிய செபம் சொல்லி அனுப்புவார்கள். கோவிலின் பாதிரியாரான பங்குத்தந்தை அதைச் சுருக்கிப் படித்தார். அக்கா சுருக்காமல் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு என்ன கொண்டுவரட்டும் என்று சாப்பாட்டு ஜன்னல் வழியாக விசாரித்தார். அந்த ஜன்னலில் அவசியமானதை மட்டும் பேசலாம் என்பது விதி. அக்காவுக்கு அவசியமில்லாதது என்று இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்பதை விதியை எழுதியவர்கள் அறியவில்லை.

கைவேலைதான் முதல் சிக்கல். பாலைவனத்துத் துறவிகள் கூடை பின்னினார்கள். சலூன்காரர் மெழுகுவர்த்தி செய்தார். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. பீடத்தில் ஏற்றியபோது ஒன்று பக்கத்திலிருந்த ஒன்றைப் பற்றவைத்தது. பிறகு செபமாலை கோத்தார். எண்ணிக்கையில் அவர் அத்தனை கவனம் வைக்கவில்லை. பத்து மணி வரவேண்டிய இடத்தில் ஒருமுறை ஒன்பது, ஒருமுறை பதின்மூன்று. தையல்காரர் ஒருவரின் மனைவி அதை வைத்துச் செபம் செய்யத் தொடங்கி, முடிவே வராமல் சுற்றிச் சுற்றிப் போய், அடுப்பில் வைத்ததைத் தீய விட்டுவிட்டார். பங்குத்தந்தையிடம் புகார் போனது. கைவேலை இல்லையென்றால் சோதனைக்காலம் அப்போதே முடிந்துவிடும் என்று பங்குத்தந்தை திரைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் முதல் தலை வந்தது. அது கறிக்கடைக்காரருடைய தலை. சலூனில் இப்போது அத்தான் மட்டும்தான். அத்தானுக்குத் தெருவில் போகிறவர்களைப் பார்க்காமல் வெட்ட வராது. யாராவது சுவாரசியமான ஆள் போனால் கத்திரியும் அந்தப் பக்கம் கொஞ்சம் போகும். கறிக்கடைக்காரரின் பின்தலையில் அன்று ஒரு கலியாண ஊர்வலமே போயிருந்தது. அவர் நேராகக் கோவிலுக்கு வந்து, திரையை விலக்கி, தலையை உள்ளே நீட்டினார்.

“உங்க அத்தான் பண்ணி வச்சிருக்கிறதைப் பாருங்க. இதோட நான் எப்படிங்க கடையில நிக்கிறது?”

சலூன்காரர் பதில் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பின்தலை அவர் கண்ணெதிரே இருந்தது. மெழுகுத்திரி வெட்டுவதற்காக ஒரு கத்திரியும் கையருகே இருந்தது. அவர் உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். படுக்கை விரிப்பை எடுத்துக் கறிக்கடைக்காரர் கழுத்தில் சுற்றினார். வெட்டத் தொடங்கினார். கறிக்கடைக்காரர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். கத்திரி நின்றது. வாயை மூடினார். கத்திரி நகர்ந்தது. மறுபடி திறந்தார், மறுபடி நின்றது. பாதி வெட்டிய தலையோடு ஒரு மனிதருக்குப் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. கறிக்கடைக்காரர் பிறந்தது முதல் அன்றுதான் விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். தலையை வெளியே எடுத்தவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தார். அப்புறம் எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு வாரத்தில் வரிசை காய்கறிக் கடையைத் தொட்டது. ஜன்னல் கொஞ்சம் தாழ்வு. உயரமானவர்கள் குனிந்தார்கள், குள்ளமானவர்கள் செங்கல் போட்டு ஏறினார்கள். தலை அறைக்குள்ளே, உடம்பு தெருவில். பேருந்தில் புதிதாக வந்திறங்கியவர்கள் கோவில் சுவரில் ஒரு மனிதர் தலையில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் பேருந்தில் ஏறியதுண்டு. மனைவிமார்கள் கணவனை முதுகை வைத்தே அடையாளம் கண்டு, அந்த முதுகிடம் வாங்கிவர வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுத்துப் பேசாத கணவன் கிடைப்பது அரிது என்பதால் சிலர் கூடுதலாகவும் சொன்னார்கள். கூலியாக ரொட்டி, முட்டை, சோப்பு என்று ஜன்னல் விளிம்பில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். கைவேலைச் சிக்கல் தீர்ந்தது. பங்குத்தந்தையும் ஒரு நாள் முதுகாக நின்றார்.

சலூன்காரர் தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். ஆட்களைச் சந்திக்கக்கூடாது என்பது விதி. முகத்தைப் பார்த்தால்தானே சந்திப்பு? அவர் புருவத்துக்குக் கீழே பார்ப்பதில்லை. தலைகள் வந்தன, தலைகள் போயின. அவரைப் பொறுத்தவரை அவர் ஒருவரையும் சந்திக்கவில்லை.

இதில் பிழைப்புப் போனவர் அத்தான். ஆனால் அத்தான் அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. தன் நாற்காலியைத் தூக்கிவந்து கோவில் சுவருக்கடியில், வரிசைக்குப் பக்கத்தில் போட்டார். காத்திருப்பவர்களுக்குச் சவரம் செய்தார். உள்ளே பேச முடியாததையெல்லாம் அவர்கள் அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அத்தானும் பதிலுக்குப் பேசினார். ஜன்னலுக்கு மேலே ஒரு பலகையும் மாட்டினார்: “தலையை மட்டும் உள்ளே நீட்டவும். வாயை இங்கேயே விட்டுச் செல்லவும்.” ஊர் சலூன்காரருக்கு ஜன்னல் சாமி என்று பெயர் வைத்தது. அத்தானுக்குப் பெயர் மாற்றவில்லை. அத்தானை மாற்ற முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் குன்றின் மேல் துறவிகளுக்கு முடி வளர்ந்தது. சலூன்காரர் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. மூத்த சகோதரரின் கண் தேறவில்லை. கடைசியில் மடத்து வண்டி குன்றிறங்கி வந்து கடைத்தெருவில் நின்றது. உலகத்தின் இரைச்சல் வேண்டாம் என்று மேலே போனவர்கள், மௌனமாக முடி வெட்டிக்கொள்ள வேண்டி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வரிசையில் நின்றார்கள். அத்தானுக்கு அப்படிப்பட்ட கூட்டம் வாழ்நாளில் கிடைத்ததில்லை. எழுந்து போக மாட்டார்கள், குறுக்கே பேச மாட்டார்கள். நிலத்தரகரின் வேலித் தகராறை அவர் இரண்டு கட்சியாகவும் நடித்துக் காட்டினார். இளம் துறவி ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். மறுமாதம் முடி அதிகம் வளராதவர்களும் வண்டியில் ஏறினார்கள். மடத்துத் தலைவர் கவலையோடு ஆயருக்கு எழுதினார்.

அதனால் ஆயரின் செயலர் குறித்த நாளுக்கு முன்னதாகவே, சொல்லாமல் வந்தார். பாதிரியார்தான், ஆனால் அங்கி இல்லை; சாதாரணச் சட்டை, கால்சட்டை. நல்ல மனிதர், கறாரானவர், நாள் முழுக்கத் தொலைபேசியில் இருப்பவர். அறையின் கதவு பூட்டியிருந்தது. சாவி பங்குத்தந்தையிடம், பங்குத்தந்தை வெளியூரில். சரி, தெரு ஜன்னலில் விசாரிக்கலாம் என்று போனவரை ஊர் பிடித்து இழுத்தது.

“வரிசையில வாங்க சார். நாங்களும் மனுஷங்கதான்.”

அவர் வரிசையில் நின்றார். அத்தானிடமிருந்து துறவியின் வாழ்க்கை வரலாறு முழுவதையும், நடக்காததையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார். அவர் முறை வந்ததும் திரையை விலக்கித் தலையை நீட்டி, “நான் ஆயர் இல்லத்துல இருந்து” என்று தொடங்கினார். அதற்குள் விரிப்பு கழுத்தைச் சுற்றிவிட்டது. முன்னெற்றியிலிருந்து ஒரு கற்றை விழுந்துவிட்டது. சலூன்காரர் புருவத்துக்குக் கீழே பார்க்காதவர், யாரென்று தெரியாது. செயலர் மறுபடி பேசினார். கத்திரி நின்றது. அவர் மேலும் பேசினார். அது மேலும் நின்றது. வரிசையிலிருந்து யாரோ, “சார், வாயை மூடுங்க, எங்களுக்கு வேலை இருக்கு,” என்று அவர் முதுகிடம் சொன்னார். முன்னெற்றியில் ஒரு கற்றை இல்லாமல் ஆயர் முன் நிற்பது எப்படி இருக்கும் என்று செயலர் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். வாயை மூடினார்.

அப்போது அவருடைய கால்சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. தலை உள்ளே; கைப்பேசியை எடுத்தாலும் காதில் வைக்க வழியில்லை. அடித்துக்கொண்டே இருந்ததால், உதவும் எண்ணத்தோடு அத்தான் அதை எடுத்தார்.

“யாருங்க பேசறது? ஆயரா? வணக்கம் ஆண்டவரே. அவரா, இருக்காரே. உடம்பு இங்கதான் இருக்கு, தலை மட்டும் உள்ள போயிருக்கு. இல்லைங்க, நல்லாத்தான் இருக்கார். பேசக்கூடாது, பேசினா வெட்டுறதை நிறுத்திடுவார். விஷயத்தைச் சொல்லுங்க ஆண்டவரே, உடம்புகிட்ட சொல்லிடறேன்.”

ஆயர் என்ன பதில் சொன்னார் என்பதைப் பற்றி அத்தானிடம் பல வடிவங்கள் உண்டு. வேலை முடிந்தபோது செயலர் தலையை வெளியே எடுக்கவில்லை. சலூன்காரர் மெல்லத் தட்டிப் பார்த்தார். அவர் தூங்கிப்போயிருந்தார்.

மாலையில் பங்குத்தந்தை வந்து கதவைத் திறந்துவிட்டார். செயலர் உள்ளே போய், வெட்டிய முடியின் மேல் நின்றுகொண்டு, மரியாதை குறையாமல் தீர்ப்புச் சொன்னார். பல வருடங்களில் இப்படி ஓய்வு தனக்குக் கிடைத்ததில்லை என்றார். அதுதான் தொல்லை என்றும் சொன்னார். ஓய்வு கிடைத்தது வந்தவர்களுக்கு. துறவி தனியாக இருக்க வேண்டும். இவரோ நாள் முழுக்க யாருடைய தலையையாவது பிடித்துக்கொண்டிருக்கிறார். மற்றபடி செபம், மௌனம், எளிமை எல்லாவற்றிலும் குறை காண முடியவில்லை. அதனால் ஒரே நிபந்தனை: தெரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். ஒரு வாரம் சாத்தி வைத்துப் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறு கொத்தனாரோடு வருவதாகவும், சம்மதமென்றால் அன்றே வார்த்தைப்பாடு என்றும் சொல்லிவிட்டு, வெளியே அத்தானின் கண்ணாடியில் ஒரு தடவை தலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

சலூன்காரருக்கு மகிழ்ச்சி. ஜன்னல் சாத்தப்பட்டது. அக்காவும் செயலருக்குப் பயந்து, சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார். போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார் என்றாலும் அது சுவருக்கு வெளியே. அறையில் உண்மையான மௌனம் வந்து இறங்கியது. மடத்தில் மாதம் ஒருமுறை பார்த்து ஏங்கிய அதே மௌனம், இப்போது முழுசாக, அவருக்கே.

முதல் நாள் செபித்தார், தரையைப் பெருக்கினார், சந்தோஷமாக இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அவருடைய தலையே பேசத் தொடங்கியது. வேலித் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டது. மருந்துக்கடைக்காரர் மருமகன் இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பான் என்று யோசித்தது. தன் வயிற்றின் நிலவரத்தைக் கிழமை வாரியாக ஒப்பித்தது. பாலைவனத்துத் துறவிகளுக்கு இது பழக்கமான தொந்தரவு; நடுப்பகல் பேய் என்று பெயரே வைத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்போது வரும். யாராவது வருகிறார்களா என்று துறவியை வாசலைப் பார்க்க வைக்கும். சலூன்காரருக்கு வாசல் பூட்டியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. மற்றவர்கள் பேசினால் கத்திரியை நிறுத்தலாம். தன் தலை பேசினால் எதை நிறுத்துவது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் எழுந்து நின்று, கத்திரியை எடுத்து, காற்றில் வெட்டினார். அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஒரு தலை இல்லை.

ஞாயிறு வந்தது. செயலர் வந்தார், பங்குத்தந்தை வந்தார், கொத்தனார் சாந்து குழைத்துத் தயாராக நின்றார். அக்கா நல்ல உடை உடுத்தி, கைக்குட்டை இரண்டு கொண்டுவந்திருந்தார். வரிசையில் நிற்க வழியில்லாததால் ஊர் கும்பலாக நின்றது. பலர் காதை மூடிய முடியோடு நின்றார்கள். சம்மதமா என்று செயலர் கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் அன்று பேச அனுமதி.

சலூன்காரர் வாயைத் திறந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் பேசாததில் குரல் கரகரத்தது.

“மௌனம் வேணும்னுதான் ஃபாதர் வந்தேன். இந்த வாரம் கெடச்சுது. அது இல்லை நான் கேட்டது.”

“பின்னே என்ன கேட்டீங்க?”

“ஒரு ஆள் இருக்கணும். அவர் பேசக்கூடாது. அவ்வளவுதான்.”

செயலர் கையிலிருந்த வார்த்தைப்பாட்டுத் தாளை மடித்தார். “அதுக்குத் துறவறம்னு பேரு இல்லைங்களே.”

“தெரியுதுங்க ஃபாதர்.”

“அப்படிச் சொன்னா வார்த்தைப்பாடு கிடையாது. அறையும் கிடையாது. நாளைக்கே காலி பண்ணணும். புரியுதா?”

“புரியுது.”

“திரும்பி வீட்டுக்குப் போவீங்களா?”

சலூன்காரர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாலைவனத்துத் துறவிகள் அறியாத ஒரு தவம் இருந்தது. “போறேன் ஃபாதர்,” என்றார்.

அக்கா கைக்குட்டையை மடித்து வைத்தார். “அப்போ ராத்திரி சாப்பாடு வீட்லதானே? சொல்லித் தொலைக்கக்கூடாதா, நான் இங்க கொண்டுவர்றதுக்கு எல்லாம் எடுத்து வச்சுட்டேன்,” என்று தொடங்கி, நான்கு தெருவும் முடியும்வரை நிறுத்தவில்லை. தம்பி பக்கத்தில் நடந்து ‘ம்’ கொட்டினார்.

குழைத்த சாந்து வீணாகக்கூடாது என்று கொத்தனார் கோவில் படிக்கட்டைப் பூசினார். அடுத்த ஆண்டேட்டில் தனிமைத் துறவி என்ற தலைப்பே இல்லை. அறைக்குள் பெஞ்சுகள் திரும்பி வந்தன. மடத்து வண்டி குன்றிறங்குவதும் நின்றது. சலூன்காரர் முன்போல மாதம் ஒருமுறை மேலே போனார். அந்த இளம் துறவி மட்டும், நிலத்தரகரின் வேலி என்ன ஆயிற்று என்று அவரிடம் ஜாடையில் கேட்டதாகச் சொல்கிறார்கள். பதில் ஜாடையில் அடங்கக்கூடியதல்ல.

சலூனில் இரண்டு நாற்காலிக்கும் நடுவே தச்சர் ஒரு பலகைச் சுவர் வைத்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் அத்தான், பேச்சோடு. இந்தப் பக்கம் அவர். பேசினால் கத்திரி நிற்கும் என்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். பலகை எதுவும் எழுதி மாட்டவில்லை. யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதை வருகிறவர்களே முடிவு செய்துகொண்டார்கள். தலைமையாசிரியர் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். கறிக்கடைக்காரர் எப்போதும் இந்தப் பக்கம்தான்.

அவர் ஏறக்குறைய ஒரு வருடம் கோவில் சுவர் அறையில் இருந்தார். வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. மற்றபடி வாழ்நாள் முழுவதும் அக்கா வீட்டில் சாப்பிட்டு, கடைத்தெருவில் முடி வெட்டினார்.